‘கேஸ்’ போய்விடும் என்ற பயம்

பயிற்சியில் இருக்கும் பல் மருத்துவ மாணவர்கள் நோயாளிகளிடம் வசவு வாங்குவதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை மேற்பார்வை செய்யும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவப் பணியிடத்தில் நடக்கும் வசவையும் மிரட்டலையும் பாலியல் சீண்டலையும் வன்முறைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

கோபம் எங்கே வெடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்சிகிச்சை (ரூட் கெனால்). மரப்பு ஊசி போட்டாயிற்று, உதடும் மரத்துவிட்டது. மாணவி துளையிடத் தொடங்கியதும் நோயாளி அலறிக்கொண்டு எழுகிறார்: “தெரியாத பிள்ளையை விட்டு என்னைக் கொல்லப் பார்க்கிறீர்களா?” பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் கடுமையாக அழன்று வீங்கியிருந்தால் மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது, அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். உதடு மரத்ததை வைத்துப் பல்லும் மரத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்து, குளிர்ச்சி தெரிகிறதா என்று சோதித்துவிட்டு, “வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன்” என்று சொல்லித் தொடங்கினால் பாதிச் சண்டை வராது. கை தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்த வேண்டும்.

காத்திருப்பு இன்னொரு காரணம். ஆசிரியர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மாணவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். வாயைத் திறந்தபடி கிடப்பவரிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வந்த ஆசிரியரும் நோயாளியின் காதுபட மாணவரைக் கடிந்துவிட்டுப் போகிறார். அப்புறம் நோயாளி மட்டும் எப்படி மதிப்பார்? என் சக ஆசிரியர்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

எல்லாச் சீற்றமும் கோபமல்ல. சாப்பிடாமல் வந்த நீரிழிவு நோயாளி திடீரென எரிந்து விழுந்து, வியர்த்து, நடுங்கினால் வாதாடாமல் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

நோயாளி கையைத் தட்டிவிடும்போது ஊசி மாணவரைக் குத்திவிடுவதும் உண்டு. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தொடங்கியாக வேண்டும்.

ஆனால் மாணவர்கள் தெரிவிப்பதில்லை. தேர்வுக்கு ஒவ்வொரு மாணவரும் இத்தனை வேர்சிகிச்சை, இத்தனை பல்செட் செய்து முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. புகார் சொன்னால் நோயாளி வரமாட்டார், அந்தக் கணக்கில் சேர வேண்டிய ‘கேஸ்’ போய்விடும். தோளில் கைபோட்டுப் பேசுபவரைக்கூட மாணவிகள் அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்வது இதனால்தான். “எதற்கும் அனுசரித்துப் போ” என்ற அறிவுரை சீனியர்களிடமிருந்தே வருகிறது. நோயாளியை வேறொருவருக்கு மாற்றினாலும் அதுவரை செய்த வேலை அந்த மாணவரின் கணக்கில் சேரும் என்று கல்லூரி எழுத்தில் தர வேண்டும். அது இல்லாத இடத்தில் புகார்ப் பெட்டி வைத்துப் பயனில்லை.