சுகர் உள்ளவங்க உடம்புல கறுப்பு பூஞ்சைக்கு இரும்பு எப்படி கிடைச்சுது?

போன வாரம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு பல வருஷமா சுகர், மாத்திரையிலயே கன்ட்ரோலா இருந்துச்சாம், 2021 ரெண்டாவது அலையில கொரோனா வந்து ஆக்சிஜன் வச்சப்போ 400 தாண்டிருச்சு, வீட்டுக்கு வந்த பிறகும் கறுப்பு பூஞ்சை வந்துருமோன்னு அவருக்கு தூக்கமே இல்லையாம். சுகர் இல்லாதவங்களும் அதே வார்டுலதானே இருந்தாங்க, அது ஏன் சுகர்காரங்களையே தேடிப் போச்சுன்னு கேக்கறாங்க. ரொம்ப நல்ல கேள்விங்க, இதுக்கான பதில்ல நம்ம உடம்பு செய்யற ஒரு பிரமாதமான வேலை ஒளிஞ்சிருக்கு.

முதல்ல சுகர் ஏறின கதை. எந்தத் தொற்று வந்தாலும் கார்டிசால், அட்ரினலின் மாதிரி ஹார்மோன் எல்லாம் ஏறும், கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டும், இன்சுலின் சரியா வேலை செய்யாது, இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். மத்தவங்க கணையம் கூடுதலா சுரந்து சமாளிச்சிரும், பல வருஷ சுகர்காரங்க கணையத்துக்கு அந்தத் தெம்பு இல்ல. அது மேல ஸ்டீராய்டு வேற. 2020 ஜூன்ல ஆக்ஸ்ஃபோர்டு நடத்தின ரெக்கவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டை தினம் 6 மில்லிகிராம் குடுத்தா வென்டிலேட்டர்ல இருக்கவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு காட்டுச்சு. மலிவான பழைய மருந்து, எத்தனையோ உயிரைக் காப்பாத்துச்சு. ஆனா ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு இதனால பிரயோஜனம் இல்லைன்னும் அதே ஆய்வு சொல்லிச்சு, அதை நம்ம ஊர்ல நிறைய பேர் காதுல வாங்கவே இல்ல, வாட்ஸ்அப்ல வந்த சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கி காய்ச்சல் வந்த அன்னிக்கே போட ஆரம்பிச்சாங்க. ஸ்டீராய்டு சுகரையும் ஏத்தும், கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுக்களையும் மந்தமாக்கும்.

இப்ப பூஞ்சைக்கு வரேன். ரைசோபஸ்னு பேரு, பழைய ரொட்டியில பூக்குமே அந்தக் குடும்பம்தான். மண்ணுல, காத்துல, எங்கயும் அதோட வித்து இருக்கு, நீங்களும் நானும் தினமும் சுவாசிச்சுட்டுதான் இருக்கோம். அது கறுப்பும் கிடையாது. ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து அடைச்சிரும், ரத்தம் வராம செத்துப்போற சதைதான் கறுத்துத் தெரியுது. அப்போ தினமும் உள்ள போற வித்து நம்ம மூக்குல ஏன் முளைக்கல? வெள்ளை அணுக்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் இரும்பு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

இரும்பு இல்லாம கிட்டத்தட்ட எந்த உயிரும் வளராது, பூஞ்சையும்தான். நம்ம உடம்புல 3, 4 கிராம் இரும்பு இருக்கு, ஆனா தனியா சுத்தற இரும்புன்னு ரத்தத்துல ஏறக்குறைய எதுவுமே இல்ல. கல்யாண வீட்ல நகை எல்லாத்தையும் பீரோல பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு நடக்கற பாட்டி மாதிரி டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதம் இருக்கு. ஒரு டிரான்ஸ்ஃபெரின் ரெண்டு இரும்பு அணுவைப் பிடிக்கும், அதுலயும் சாதாரணமா மூணுல ஒரு பங்கு இடம்தான் நிரம்பியிருக்கும், மிச்சம் காலி. எங்கயாவது ஒரு இரும்பு அணு நழுவினாலும் உடனே கவ்விக்கணும்னே அந்தக் காலி இடம். கிருமியைக் கொல்ல வேண்டாம், பட்டினி போட்டாலே போதும்னு உடம்பு முடிவு பண்ணியிருக்கு பாருங்க!

சரி, நம்ம செல்லுக்கு இரும்பு வேணும்னா? டிரான்ஸ்ஃபெரினை அப்படியே உள்ள இழுத்து, ஒரு சின்னப் பைக்குள்ள வச்சு, அந்தப் பையை அமிலமாக்கிரும். அமிலத்துல டிரான்ஸ்ஃபெரினோட பிடி தளர்ந்து இரும்பு வெளிய வந்துரும். செல்லுக்குள்ள மட்டும் நடக்க வேண்டிய இந்த வேலை, சுகர் கட்டுக்கடங்காம போய், இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கறப்போ வர்ற கீட்டோன்ங்கற அமிலப் பொருள் பெருகும்போது கொஞ்சமா ரத்தத்துலயே நடக்க ஆரம்பிக்குது. ரத்தத்தோட பிஎச் (இது குறைஞ்சா அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) சாதாரணமா 7.35லேர்ந்து 7.45, கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகற கீட்டோஅசிடோசிஸ்ல 7.3க்குக் கீழ போயிரும். அது போதும், பிடி தளருது, பூஞ்சைக்கு சாப்பாடு கிடைச்சிருச்சு. 1980கள்லயே இதைச் சோதிச்சிருக்காங்க, கீட்டோஅசிடோசிஸ் நோயாளிங்க சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்ச பிறகு மிஞ்சற தெளிவான திரவத்துல, ரைசோபஸ் நல்லா வளர்ந்துச்சு, அதே சீரத்தோட அமிலத்தைப் போக்கி காரத்தன்மை ஆக்கினா வளரல. கீட்டோன் இல்லாட்டியும் சுகர் ரொம்ப நாள் அதிகமா இருந்தா குளுக்கோஸ் டிரான்ஸ்ஃபெரின் மேலயே ஒட்டிக்கிட்டு அதோட பிடியைக் குறைக்கும். கூடவே ஜிஆர்பி78னு ஒரு புரதம் செல்லோட வெளிப்பக்கம் அதிகமா வரும், பூஞ்சை அதைப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ள நுழையுது.

இரும்புதான் விஷயம்னு சந்தேகம் வரவச்சது டயாலிசிஸ் நோயாளிங்க. அவங்கள்ல சிலருக்கு உடம்புல சேர்ந்த இரும்பு, அலுமினியத்தை எடுக்க டெஃபெராக்சமின்னு ஒரு மருந்து குடுத்தாங்க, அப்படிக் குடுத்தவங்களுக்கு இந்தப் பூஞ்சை வந்துச்சு. அந்த மருந்து பிடிச்சு வச்ச இரும்பை ரைசோபஸ் அப்படியே உருவிக்குது!

2021ல நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல வந்துச்சு, தமிழ்நாடு அரசு மே மாசம் இதை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுது, பூஞ்சையைக் கொல்ற ஆம்ஃபோடெரிசின் ஊசிக்கு ஜனங்க ஊர் ஊரா அலைஞ்சாங்க. ஆனா கொரோனாவுக்கு முன்னாடியே உலகத்துல இந்த நோய் ரொம்ப அதிகமா இருந்த நாடு நம்மளோடது, சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை டாக்டருங்க பல வருஷமா எழுதிட்டே இருந்தாங்க. பத்து கோடிக்கும் மேல சுகர்காரங்க இருக்கற நாட்டுல பூஞ்சை ஆராய்ச்சிக்கு இன்னும் நிறைய பணம் போகணும்னு நான் நினைக்கிறேன். மனுஷனுக்குன்னு ஒரே ஒரு பூஞ்சைத் தடுப்பூசிகூட இன்னிக்கு வரைக்கும் கிடையாது. இதுக்கு நடுவுல வெங்காயத் தோல்ல இருக்கற கறுப்புதான் கறுப்பு பூஞ்சைன்னு ஒரு வதந்தி, அது ஆஸ்பெர்ஜில்லஸ், வேற பூஞ்சைங்க, கழுவினா போயிரும். பயந்து வெங்காயத்தைத் தூக்கிப் போட்டவங்க பாதி பேர் வீட்ல சுகர் செக் பண்ணியிருக்க மாட்டாங்கன்னு நினைச்சாலே வருத்தமா இருக்கு.

செக் பண்ண வழியும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். ஊரடங்குல நடைப்பயிற்சி போச்சு, பஸ் இல்ல, மாசாமாசம் அரசு ஆஸ்பத்திரியில வரிசையில நின்னு மாத்திரை வாங்கினவங்க அங்க போகவே பயந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்துச்சு. என்னைக் கேட்டா பூஞ்சைக்கு எதிரான வேலையும் அதுதான்.

அந்த வாசகி அப்பா மாதிரி இருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம். காலையில ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு போட்டா சுகர் மத்தியானத்துக்கு மேலதான் எகிறும், வெறும் வயித்துல பார்த்தா நார்மலாகூட காட்டும், அதனால சாப்பாட்டுக்குப் பிறகும் சாயங்காலமும் பாருங்க. காய்ச்சல்ல சாப்பிட முடியலைன்னு இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு அளவை மாத்துங்க, நிறுத்தினா கீட்டோன் ஏறும், டிரான்ஸ்ஃபெரினோட பிடி தளரும். முகத்துல ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப் போறது, மூக்குல கறுப்பா வடியறது, ரெண்டு ரெண்டா தெரியறதுன்னு ஏதாவது இருந்தா அன்னிக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்க, மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.