பத்தாயிரம் டிகிரி சரி, யாருடைய பத்தாயிரம்?

பெங்களூரு பீன்யாவில் பிளாஸ்மா நைட்ரைடிங் வேலை பார்க்கிறேன். அதாவது, மின்சாரத்தால் எலெக்ட்ரான்கள் பிரிந்த வாயுவை (பிளாஸ்மா) வைத்து, டை எனப்படும் ஸ்டீல் அச்சுகளின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும் வேலை. ஓசூர், கோவைப் பக்கமிருந்து போன் செய்யும் டூல்ரூம்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: “சார், பிளாஸ்மான்னா பத்தாயிரம் டிகிரியாமே, என் டை உருகிடாதா?” அதே எண்ணைப் பெருமையாக விளம்பரத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புமே அதைத் தப்பாகத்தான் படிக்கிறார்கள்.

சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சில மில்லிபார் அழுத்தத்தில் விடுவோம். டைதான் கேத்தோடு, அதாவது மைனஸ் முனை. சில நூறு வோல்ட் கொடுத்ததும் அதைச் சுற்றி ஊதா வெளிச்சம் ஒட்டிக்கொள்ளும். அங்கே எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டுவது உண்மைதான். ஆனால் டையில் செருகியிருக்கும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) 500 டிகிரி செல்சியஸ் பக்கமாகத்தான் காட்டும்.

ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலையா என்றால், ஆமாம். நைட்ரஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிடச் சுமார் 51,000 மடங்கு கனமானது. கடுகு போய் மாம்பழத்தில் இடித்தால் மாம்பழத்துக்கு என்ன ஆகும்? கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். நேரடி மோதல் ஒன்றில் எலெக்ட்ரான் தன் ஆற்றலில் அதிகபட்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொடுக்க முடியும். போதாததற்கு, ஆயிரம் மூலக்கூறுக்கு ஓர் எலெக்ட்ரான்கூடத் தேறாது.

அதற்காகப் பிளாஸ்மா எப்போதும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். பிளாஸ்மா கட்டிங் டார்ச் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. அங்கே மோதல்கள் எக்கச்சக்கம். எலெக்ட்ரானும் வாயுவும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அந்தப் பத்தாயிரம் நிஜமாகவே இரும்பை அறுக்கும். எங்கள் சேம்பரிலும் ஒளிர்வு சட்டென்று ஆர்க்காக (ஒரே புள்ளியில் பாயும் மின்பொறியாக) மாறினால் ஆபத்துதான். கரண்ட் எகிறும், வோல்டேஜ் கூடுவதற்குப் பதில் படுத்துவிடும், டை மேல் குழி விழும். பவர் சப்ளை உடனே கட் செய்யாவிட்டால் அந்த டை அவ்வளவுதான். பழைய டியூப்லைட்டுக்குச் சோக் வைத்ததும் இதே குணத்துக்காகத்தான். கரண்டைப் பிடித்து வைக்க ஒன்று இல்லையென்றால் அது ஏறிக்கொண்டே போகும்.

இன்னும் விசித்திரமான விஷயம் வேறு இருக்கிறது. ஒரு சிலிண்டர் வாயுவை இரண்டு பாதியாகப் பிரித்தால் ஆற்றலும் பாதி பாதியாகப் பிரியும். பாடப்புத்தக வெப்ப இயக்கவியலில் பெரும்பகுதி இந்த எளிய கூட்டல் கணக்கை நம்பித்தான் நிற்கிறது. ஈர்ப்பு விசைக்கு அது செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு துகளும் தொலைவில் இருக்கும் எல்லாத் துகளையும் இழுக்கிறது. இஸ்ரோவின் தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோளையே பாருங்கள். மேல்மண்டலக் காற்று உரசி அது ஆற்றலை இழக்கிறது, கீழே இறங்குகிறது, இறங்க இறங்க வேகம் கூடுகிறது! நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான், ஆற்றல் போகப் போகச் சூடாகும். தன்வெப்பம் (ஒரு பொருளைச் சூடாக்கக் கொடுக்க வேண்டிய ஆற்றலின் கணக்கு) மைனஸில்! வானியலாளர்களான அந்தோனோவ் 1962-லும், லிண்டன்-பெல், வுட் இருவரும் 1968-லும் இதன் விளைவைக் கணக்கிட்டார்கள். கூட்டத்தின் நடுப்பகுதி சூட்டை வெளியே கொடுத்துக்கொண்டே மேலும் சூடாகிச் சுருங்கிக்கொண்டு போகும்.

பிளாஸ்மாவிலும் மின்விசை தொலைதூர விசைதான். ஆனால் பிளஸ், மைனஸ் இரண்டும் இருப்பதால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. அந்த மறைப்புத் தூரத்துக்கு டிபை நீளம் என்று பெயர், ஒளிர்வுப் பிளாஸ்மாவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதனால் பிளாஸ்மா நட்சத்திரக் கூட்டம் அளவுக்கு அடம் பிடிப்பதில்லை. முழுக்க அடங்குவதும் இல்லை. 1925-ல் பிளாஸ்மா ஆய்வாளர் லாங்மியூர் ஒரு புதிரைக் கண்டார். வேகமான எலெக்ட்ரான்கள் சுவருக்குத் தப்பிப் போய்விட வேண்டும், மிச்சம் இருப்பவை அடிக்கடி மோதிக்கொள்வதும் இல்லை. ஆனாலும் அளந்து பார்த்தால் சமநிலைக்கு வந்த வாயுவுக்குரிய வேகப் பரவல் தெரிகிறது. ஒன்றோடொன்று மோதாமலே எப்படிச் சமநிலைக்கு வந்தன? அலைகள் வழியாக என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இனி டை அனுப்புகிறவர்களுக்கு. தனித்தனியாக வைத்தால் ஒழுங்காக வெந்துவரும் இரண்டு பீஸ், நெருக்கி வைத்தால் கெட்டுப்போகும். இரண்டின் ஒளிர்வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எலெக்ட்ரான்கள் இடுக்கில் சிக்கி, அந்த இடம் மட்டும் சிவந்துவிடும். இதை ஹாலோ கேத்தோடு என்போம்; குறுகிய துளைக்குள்ளும் இதே கதைதான். காரணம் ஈர்ப்புக் கணக்கிலிருந்து வேறு, ஆனால் கூட்டல் கணக்கு இங்கும் பொய்த்துப்போகிறது. தெர்மோகப்பிள் வேறு மூலையில் இருந்தால் பேனலில் 500 என்றே காட்டும். குறுகிய துளைக்குள்ளோ ஸ்டீல் டெம்பர் சூட்டை (கடினமாக்கிய பிறகு அதைப் பதப்படுத்திய வெப்பநிலையை) தாண்டி மென்மையாகியிருக்கும்.

ஆகவே வேலை கொடுக்கும்போது பிளாஸ்மா எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள். தெர்மோகப்பிளை எங்கே செருகுகிறார்கள், பீஸுக்குப் பீஸ் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், துளைகளை அடைக்கிறார்களா என்று கேளுங்கள். டிராயிங்கில் துளைகளின் விட்டத்தையும் ஆழத்தையும், கூடவே ஸ்டீலின் டெம்பர் சூட்டையும் குறித்து அனுப்புங்கள்.