மருந்து கேட்கவில்லையா? தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வயிற்றுப்போக்கு வந்தால் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது முட்டையும் மீனும். அடுத்து பருப்பு, பால். கடைசியில் மிஞ்சுவது கஞ்சியும் ரொட்டியும்தான். இரண்டு நாள் உபாதைக்கு அது போதும். கிரோன்ஸ் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ (இரண்டும் குடலில் நீண்ட நாள் அழற்சியையும் புண்ணையும் உண்டாக்குபவை) உள்ளவர்கள் இதே பத்தியத்தை மாதக்கணக்கில் தொடர்வதை உணவு ஆலோசனையில் அடிக்கடி பார்க்கிறேன். எடை இறங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும். "மருந்தே கேக்கல மேடம்" என்பார்கள்.

நோய் தீவிரமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடை என்றால் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் தேறினாலே அதிகம்.

இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த நோய்களின் அழற்சியை அடக்கப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியும் ஒரு புரதம்தான். புண்ணான குடல் வழியே ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் கசிவதுபோல, தீவிர நிலையில் இந்த மருந்தும் மலத்தோடு வெளியேறுகிறது. அல்புமின் குறைந்தவர்களின் உடலில் மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகிறது, பலனும் குறைகிறது. அல்புமின் குறைவதற்கு முக்கியக் காரணம் அழற்சி என்பதால், முட்டை சாப்பிட்டதும் அது ஏறிவிடாது. ஆனாலும் புரதம் போதாவிட்டால் தசை கரையும்; அப்படிக் கரைந்த உடம்பில், அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து இன்னும் தசையைக் கரைக்கும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் காயம் ஆறத் தாமதமாகும்.

குழந்தைகளின் கிரோன்ஸ் நோயில் உணவே சிகிச்சையாகிறது. 6 முதல் 8 வாரம் வேறு எதுவும் கொடுக்காமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டுக்கு நிகராக நோய் அடங்குகிறது, குடல் புண் அதைவிட நன்றாக ஆறுகிறது, வளர்ச்சியும் தடைபடுவதில்லை. முதல் வாரம் குழந்தை அழும்போது பெற்றோர் மனம் இளகி ஒரு இட்லி கொடுத்துவிடுவார்கள். அந்த வாரத்தைத் தாண்ட வைப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. கொலைட்டிஸுக்கு இந்த முறை பயன்படாது.

ரத்தசோகைக்குப் பேரீச்சையும் பீட்ரூட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அழற்சி அதிகமாக இருக்கும்போது இரும்புச்சத்து மாத்திரைகூடச் சரியாக உறிஞ்சப்படாது. நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருக்கும். சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பி12 அளவைப் பார்க்க வேண்டும். குடல் அழற்சிக்கு சல்ஃபாசலசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஃபோலிக் ஆசிட்டும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் அவசியம்.

வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பு, தயிர், பனீர்: இவற்றில் ஒத்துக்கொள்வதைச் சிறு சிறு அளவாக ஐந்தாறு வேளை சாப்பிடுங்கள். குடலில் சுருக்கம் இருப்பவர்கள் மட்டும் வாழைத்தண்டு, கீரைத்தண்டு, சோளம், ஆரஞ்சுச் சக்கை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், அடைப்பு ஏற்படலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.