நூறாண்டு மீனின் வயதைக் கண்டுபிடித்த விதம்

ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனின் தலையைப் பிளந்தால், மூளையை ஒட்டி இருபுறமும் வெள்ளையாக இரண்டு கற்கள் கிடைக்கும். இவை செவிக்கற்கள். மீன் தன் உடல் சாய்வதையும் சுற்றிலும் எழும் ஒலியையும் உணர இவை உதவுகின்றன. நம் ஊர்க் கத்தாழை மீனை ஆய்ந்தவர்கள் இப்படி ஒரு கல்லை நிச்சயம் பார்த்திருப்பார்கள். மீன் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கல்லின் மேல் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே இருக்கும். ஒரு முறை படிந்தது மீண்டும் கரைவதில்லை. அதனால் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வரிகள் தெரியும். இந்த மீனின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த வரிகளிலிருந்து வந்ததுதான்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நமீபியா ஆகிய நாடுகளை ஒட்டிய கடல்களிலும் வட அட்லாண்டிக்கிலும் இந்த மீன் வாழ்கிறது. பெரும்பாலும் 700 முதல் 1,500 மீட்டர் ஆழத்தில், கும்மிருட்டிலும் கடுங்குளிரிலும் இருக்கும். வழக்கமாக 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உயிரோடு இருக்கும்போது அதன் உடல் செங்கல் சிவப்பு. செத்த பிறகுதான் ஆரஞ்சாக வெளிறுகிறது. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி அந்த ஆழத்தை எட்டுவதே இல்லை. ஆகவே அங்கே சிவப்பு மீன் கறுப்பு மீனாகவே இருக்கும். எதிரியின் கண்ணுக்குப் படாது.

ஆழம் குறைந்த கடலில் வாழும் பல மீன்கள் காற்றுப் பையின் உதவியால் மிதக்கின்றன. இதன் பையில் காற்றுக்குப் பதிலாகக் கொழுப்பு இருக்கிறது. தோலுக்கடியிலும் சதையிலும் தலை எலும்புகளிலும் மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்திருக்கிறது. தண்ணீரைவிட இலேசான அந்த எண்ணெய்தான் மீனை மிதக்க வைக்கிறது. மனிதக் குடலுக்கு இந்த மெழுகு செரிக்காது. அதனால்தான் தொழிற்சாலைகளில் தோலோடு சேர்த்து அடிக்கொழுப்பையும் ஆழமாகச் சீவி எடுத்துவிட்டு, வெள்ளைச் சதையை மட்டும் உறைய வைத்து விற்கிறார்கள்.

கடலுக்கடியில் எழுந்து நிற்கும் மலைகளைச் சுற்றி இவை பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. இரையைத் தேடி அலைய வேண்டிய ஆழ்கடலில், மலையில் மோதிப் பாயும் நீரோட்டம் இறாலையும் கணவாயையும் சிறு மீன்களையும் இடைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தித் தன் இடத்தில் நிற்க வலுவான தசைகள் வேண்டும். அவை இந்த மீனுக்கு இருக்கின்றன.

தென்னரைக்கோளத்தில் குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இவை இனப்பெருக்கத்துக்காக ஒன்று கூடுகின்றன. ஒரு பெண் மீன் இடுவது சில பத்தாயிரம் முட்டைகள்தான். லட்சக்கணக்கில் முட்டையிடும் பல கடல் மீன்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. முதிர்ந்த மீன்கள் எல்லாமே ஆண்டுதோறும் முட்டையிடுவதும் இல்லை. முட்டை ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டம் உடையது. உள்ளே ஆரஞ்சு நிற எண்ணெய்த் துளி இருக்கும். இட்டவுடன் அது மேல்நோக்கி நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறுகிறது. கரு வளர வளர மீண்டும் கீழே இறங்கி, அடித்தளத்துக்கு அருகே குஞ்சு பொரிக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 20 நாள் நடக்கும் இந்தப் பயணத்தில் முட்டைகள் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படும் என்பது நீரோட்டத்தைப் பொறுத்தது.

பிறகு வளர்ச்சி மிக மெதுவாக நடக்கிறது. முதன்முதலாகச் சினைப்படுவதற்கே 20 முதல் 40 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கட்டத்தில் செவிக்கல்லின் வரிகள் சட்டென நெருங்கிவிடுகின்றன. உணவை உடலை வளர்ப்பதற்குச் செலவிட்ட மீன், இனி முட்டைக்கும் விந்துக்கும் செலவிடத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அதன் பிறகு வரும் வரிகள் மயிரிழை அளவுக்கு மெல்லியவை.

இந்த மெல்லிய வரிகளை வைத்துத்தான் பெரிய விவாதம் எழுந்தது. தொடக்கத்தில் கல்லை அறுக்காமல் மேற்பரப்பில் தெரிந்த வளையங்களை எண்ணியபோது, ஆயுள் சில பத்தாண்டுகளே என்று தோன்றியது. அறுத்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் தெரிந்தன. ஒரு வரி ஓர் ஆண்டுதானா? இதை நிரூபிக்க வரிகளைச் சாராத வேறொரு கடிகாரம் வேண்டியிருந்தது. அது கல்லுக்குள்ளேயே இருந்தது.

கடல்நீரில் ரேடியம்-226 என்ற கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கிறது. வேதிக் குணத்தில் கால்சியத்தை ஒத்திருப்பதால், கல் வளரும்போது கால்சியத்தோடு இதுவும் உள்ளே போய்விடுகிறது. இதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். மீனின் வாழ்நாளில் அதன் அளவு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் சிதைந்து சிதைந்து, பல படிகள் கடந்து, காரீயம்-210 ஆக மாறிக்கொண்டே இருக்கிறது. காரீயம்-210-இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். எனவே புதிதாக உருவான கல்லில் ரேடியத்தை ஒப்பிட இந்தக் காரீயத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவாக இருக்கும்; ஆண்டுகள் கூடக் கூட அது ஏறி, நூறாண்டு வாக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். அந்த விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும்.

1991-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த முறையில் 149 ஆண்டுகள் வரை வயது வருகிறது என்று வெளியிட்டார்கள். முழுக் கல்லை அளந்தால் பழைய சுண்ணாம்பும் புதிய சுண்ணாம்பும் கலந்துவிடுமே என்ற நியாயமான கேள்வி எழுந்தது. 2009-இல் வெளியான ஆய்வு அதற்கு விடை சொன்னது: வெளி அடுக்குகளை நீக்கி, குஞ்சுப் பருவத்தில் உருவான நடுப்பகுதியை மட்டும் தனியே எடுத்து அளந்தார்கள். நூறாண்டை எட்டும் வயது உண்மைதான் என்று அதுவும் காட்டியது. ஆழ்கடல் உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஆனால் வலைகள் இந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. நியூசிலாந்துக்குக் கிழக்கே கடலடியில் உள்ள சாத்தம் மேட்டில் 1970-களின் இறுதியில் தொடங்கிய மீன்பிடிப்பு, 1980-களின் இறுதிக்குள் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டன்னை எட்டியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்கு அருகே, செயின்ட் ஹெலன்ஸ் என்ற கடலடிக் குன்றில் முட்டையிடக் கூடிய கூட்டங்கள்மீது இழுவை மடி இறங்கியபோது, சில நிமிடங்களில் பல டன் மீன் ஏறியது. அந்தக் குவியலில் இருந்தவை ஒரு நூற்றாண்டு காலம் சேர்ந்த தலைமுறைகள். இயற்கையாக இந்த மீன்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கைந்துதான் சாகின்றன. அப்படிப்பட்ட இனத்தில், மீன்பிடிப்பு தொடங்குமுன் இருந்த இருப்பிலிருந்து ஆண்டுக்கு 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் இருப்பு குறைந்துகொண்டே போகும். நமீபியாவிலும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் இதே கதை இன்னும் வேகமாக நடந்தது. மீனோடு, மலைகளின்மேல் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளங்களையும் மடி நொறுக்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை அதுதான் மீட்க இன்னும் கடினமான இழப்பு.

2006-இல் ஆஸ்திரேலியா இந்த மீனை, பாதுகாப்பு நடவடிக்கைகளை நம்பியே பிழைத்திருக்கும் இனமாகப் பட்டியலிட்டது. கிழக்குப் பகுதியில் 2015 முதல் சிறிய ஒதுக்கீட்டில் மீண்டும் பிடிக்கிறார்கள். எவ்வளவு மீன் இருக்கிறது என்று எண்ணுவது இன்றும் எளிதல்ல. ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவிக்குக் காற்றுப் பைதான் நன்றாகத் தெரியும். இந்த மீனுக்கு அது இல்லை. அருகே நீந்தும் வேறு சிறு மீன்களின் எதிரொலி இதை மூழ்கடித்துவிடும். அதனால் கருவியையே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அலைகளை அனுப்பி, எது எந்த மீன் என்று பிரித்தறிகிறார்கள். கூடவே கேமராவும் இறங்குகிறது. இந்த அளவீடுகளில் இனி வரப்போகும் ஏற்றத்தையோ இறக்கத்தையோ தீர்மானிப்பது, மடிகள் நிறைந்து வந்த அந்த 1980-களின் இறுதியில் பொரித்த குஞ்சுகள். அவற்றில் பல இப்போதுதான் முதல் முட்டையிடும் வயதுக்கு வருகின்றன.