வெள்ளைக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ்

"நல்ல கேமராதான், ஆனால் வெள்ளை உடை மட்டும் அழுக்குச் சாம்பலாக விழுகிறது" என்று ஒருவர் வருவார். கறுப்பு நாயைப் படமெடுத்தால் சாம்பல் நாய் வருகிறது என்று இன்னொருவர். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான். லென்ஸை மாற்ற வேண்டாம், சர்வீஸுக்கும் கொடுக்க வேண்டாம். பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு பட்டனோ டயலோ பெரும்பாலான கேமராக்களில் இருக்கும். அதற்குப் பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்: படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்று கேமரா தானாக எடுத்த முடிவை நாம் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வசதி. அதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் படமெடுப்பவர்கள் நிறையப் பேர்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளின் மீது விழும் வெளிச்சத்தை அளப்பதில்லை. பொருளில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் வருவதைத்தான் அளக்கிறது. வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணியிலிருந்தும் நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணியிலிருந்தும் ஒரே அளவு வெளிச்சம் வரலாம். எது வெள்ளை, எது கறுப்பு என்று மீட்டருக்குத் தெரியாது. அதனால் அது ஒரு அனுமானத்தை வைத்து ஓடுகிறது: எதிரே இருப்பதையெல்லாம் கலந்து சராசரி எடுத்தால் நடுத்தரச் சாம்பல் வரும். படமும் அப்படி வருமாறு வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ வைக்கிறது. 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் புகைப்படக்காரர்கள் வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அந்த நிறம். மரம், மண், சாலை, மனிதர்கள் என்று எல்லாம் கலந்த காட்சியில் இந்த அனுமானம் அழகாகப் பலிக்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளையோ கறுப்போ நிறைந்திருக்கும்போதுதான் பல்லிளிக்கும்.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1983-இல் வந்த நிக்கான் எஃப்ஏ கேமரா, ஃபிரேமை 5 பகுதிகளாகப் பிரித்து அளந்து ஒப்பிட்டுப் பார்த்தது. 1996-இல் எஃப்5 வந்தபோது மீட்டரே 1,005 பிக்சல் கொண்ட வண்ண சென்சாராகிவிட்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் படம்பிடிக்கும் சென்சாரைக் கொண்டே அளக்கின்றன, முகத்தையும் கண்டுபிடித்துக்கொள்கின்றன. இத்தனைக்கும் பிறகும் வெண்பனி மங்கலாகத்தான் வருகிறது. கணக்கு எவ்வளவு நுணுக்கமானாலும், இந்தக் காட்சியில் எது வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதை எடுப்பவர் சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கான இடம் அந்த டயல்.

இனி, புதியவர்கள் தடுமாறும் இடம். பனியோ கடற்கரை மணலோ கண்ணைக் கூசும்போது "வெளிச்சம் ஏற்கெனவே அதிகம், குறைப்போம்" என்று கை தானாக மைனஸ் பக்கம் போகும். போகக்கூடாது. கேமராதான் அதை ஏற்கெனவே குறைத்துவிட்டதே! வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நாம் கூட்ட வேண்டும். கறுப்பைக் கறுப்பாகக் காட்டக் குறைக்க வேண்டும். டயலின் அலகுக்கு ஸ்டாப் என்று பெயர்: 1 ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. டயல் பொதுவாக ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்காக நகரும். ஃபிரேம் நிறையப் பனி என்றால் +1.3-இல் தொடங்கி +2 வரை போகலாம். கறுப்புத் திரைக்கு முன்னால் சின்னதாக ஒரு ஆள் நிற்கும் மேடைக் காட்சிக்கு −1, சில சமயம் −2.

திருமணப் படமெடுப்பவர்களுக்கு இது தினசரிச் சிக்கல். மணமகள் வெள்ளை உடை, மணமகன் கறுப்பு கோட் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து நின்றால் மீட்டர் ஓரளவு சரியாகவே சொல்லும். அவளை மட்டும் நெருங்கி எடுத்தால் உடை சாம்பலாகும், முகமும் இருளும். அடுத்த நொடி அவனை நெருங்கினால் கோட் வெளிறும், முகமும் வெளுத்துப்போகும். வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை, மூன்று படத்துக்கும் மூன்று எக்ஸ்போஷர். ஒரே வெளிச்சத்தில் தொடர்ந்து எடுப்பதென்றால் எல்லா அளவையும் நானே வைக்கும் மேனுவலுக்குப் போய்விடுவேன். ஒரு தரம் சரியாக வைத்தால் யார் எந்த நிறம் உடுத்தினாலும் கவலையில்லை. வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தால்தான் காம்பன்சேஷன் கைகொடுக்கும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தோல் நிறங்களில் நடக்கும் அநியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருத்த முகம் என்றாலே பிளஸ் வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் தொழிலிலேயே இருக்கிறது. தவறு. பின்னணி வெள்ளைச் சுவர் என்றால் மீட்டர் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கரிய உருவமாகிவிடும். அங்கே +1 தேவைதான். அதே முகம் இருண்ட பின்னணியில் இருந்தால் மீட்டர் தானாகவே வெளுப்பாக்கியிருக்கும், அங்கே மைனஸ்தான் சரி. ஃபிரேமில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளந்தால் இன்னும் தெளிவாகப் புரியும். வெளிறிய தோலுக்கு +1, மாநிறத்துக்குப் பூஜ்யத்தை ஒட்டி, நல்ல கறுப்புக்கு −1 என்று வைத்துப் பாருங்கள். ஒருவரை அவரைவிட வெளுப்பாகக் காட்டுவதை அழகுபடுத்துவதாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அவருடைய முகமே இல்லை.

சரி, டயலைத் திருப்பும்போது உள்ளே என்ன மாறுகிறது? வெளிச்சம் வானத்திலிருந்து கூடுதலாக வரப்போவதில்லை. அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நாம் வைக்கும் அபர்ச்சர் பிரயாரிட்டியில் ஷட்டர் வேகம் மாறும்; ஷட்டர் வேகத்தை நாம் வைக்கும் ஷட்டர் பிரயாரிட்டியில் அபர்ச்சர் மாறும். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, கேமராவே வைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் அதுவும் மாறலாம். இங்கேதான் ஆபத்து. அபர்ச்சர் பிரயாரிட்டியில் 1/125 காட்டிக்கொண்டிருந்த கேமரா, +2 வைத்ததும் 1/30-க்கு இறங்கிவிடும். வெளிச்சம் சரியாக இருக்கும், ஆள் அசைந்து கலங்கியிருப்பார். ஆகவே பிளஸ் வைத்த உடனே ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஷட்டர் பிரயாரிட்டியில் லென்ஸ் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தால், ஐஎஸ்ஓவும் நிலையாக இருந்தால், எவ்வளவு பிளஸ் வைத்தாலும் படம் மாறாது.

மேனுவல் மோடில் ஏன் வேலை செய்யவில்லை என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே நிர்ணயித்த பிறகு கேமரா மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. சில மாடல்களில் மீட்டரின் அளவுகோல் மட்டும் நகரும், படம் அப்படியேதான் வரும். மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ சேர்த்தால் பல புதிய கேமராக்களில் காம்பன்சேஷன் மறுபடி உயிர்பெறும்.

எவ்வளவு வைப்பது என்பதற்குப் பின்திரையை நம்பாதீர்கள். வெயிலில் அது மங்கலாகத் தெரிந்து உங்களைக் கூட்டச் சொல்லும். இரவில் பளிச்சென்று தெரிந்து குறைக்கச் சொல்லும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: படத்தின் இருளை இடதிலும் வெண்மையை வலதிலும் காட்டும் வரைபடம் அது. வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெண்மையில் விவரம் போய்விட்டது என்று பொருள். வெளுத்த பகுதி கண்சிமிட்டும் வசதியையும் போட்டுவையுங்கள்; விளக்கின் பல்ப் சிமிட்டினால் விட்டுவிடலாம், உடையின் மடிப்பு சிமிட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள்.

"அப்புறம் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்" என்பவர்களுக்குப் பதில் பாதிதான் சாதகம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், ஒவ்வொரு பிக்சலும் 16,384 படிநிலைகளைப் பதிய முடியும். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 மட்டுமே. ராவில் ஒரு ஸ்டாப் இருட்டை மீட்பது சுலபம், இன்னும் கூட்டக் கூட்ட நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும். ஆனால் சென்சார் நிரம்பி வழிந்த வெள்ளையில் தகவலே கிடையாது. எந்த மென்பொருளும் அங்கே இருந்ததைத் திருப்பித் தராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்திலிருந்து வரைந்தது, ராவில் அதைவிடக் கொஞ்சம் இடம் இருக்கும்.

சூரிய அஸ்தமனத்துக்கு −0.7 அல்லது −1 வைத்தால் நிறம் கனக்கும். எதிர்வெளிச்சத்தில் நிற்கும் முகத்துக்கு +1 முதல் +2 வரை. முழுநிலவுக்கு மட்டும் காம்பன்சேஷனை வைத்துப் போராட வேண்டாம். சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து மீட்டர் நிலவை வெள்ளை வட்டமாக்கிவிடும், −3 வைத்தும் பல சமயம் போதாது. நிலவு வெயிலில் கிடக்கும் பாறைதானே. மேனுவலில் அபர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100-இல் தொடங்கினால் பள்ளங்கள் தெரியும்.

ஃபிளாஷுக்குத் தனியாக ஒரு காம்பன்சேஷன் உண்டு. கேமராவில் வைப்பது ஃபிளாஷையும் சேர்த்து மாற்றுமா, சுற்றுவெளிச்சத்தை மட்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். உங்கள் கேமராவின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

மொபைலிலும் இதே வேலைதான் நடக்கிறது. பொருளின் மேல் தொட்டால் பல போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே கீழே இழுத்தால் படம் வெளுக்கும், இருளும். போனில் அடுத்த படத்துக்குப் போனால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கேமராவில் அப்படியில்லை. நேற்றுப் பனிக்கு வைத்த +2, அணைத்துவிட்டு மறுநாள் எடுத்தாலும் அப்படியே இருக்கும். அதனால் பையை மூடும்முன் டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சில கேமராக்களில் அணைக்கும்போது தானாகப் பூஜ்யமாகும் வசதியும் மெனுவில் உண்டு. தனி டயல் வைத்த மாடல்களில் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும்.