அகச்சிவப்பு மிகை

ஒரு விண்மீனின் வெப்பநிலை தெரிந்தால், எந்த அலைநீளத்தில் அது எவ்வளவு ஒளி தர வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். அகச்சிவப்பில் கணக்கைவிடக் கூடுதலாக ஒளி வந்தால், அந்தக் கூடுதலே ‘இன்ஃப்ராரெட் எக்ஸஸ்’. தமிழில் அகச்சிவப்பு மிகை.

‘இன்ஃப்ரா’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கீழ் என்று பொருள். சிவப்பைவிடக் குறைந்த அதிர்வெண். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்பு முடிந்து கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அது ஏறியது. நாம் ‘அகம்’ என்றதும், புற ஊதாவுக்கு இணை கிடைத்தது. வானவில்லில் சிவப்புதான் வெளி விளிம்பு என்பதால் ‘அகம்’ அங்கே பொருந்தாது. இலங்கையில் வழங்கும் ‘செந்நிறக்கீழ்’ லத்தீனுக்கு நெருக்கமானது. ஆனாலும் அகச்சிவப்பு வேரூன்றிய சொல், மாற்ற வேண்டியதில்லை.

என் மனத்துக்கு நெருக்கமானது ‘மிகை’. ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்கிறது குறள்: குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு, எது மிகுகிறது என்று காண்பது. வானியலாளர் செய்வதும் அதுதான். ‘அதிக அகச்சிவப்பு’ என்று எழுதினால் இந்த ஒப்பீடு தொலைந்துவிடும்.

40,000 கெல்வின் சூடுள்ள விண்மீன் பெரும்பாலும் புற ஊதாவிலேயே ஒளிர்கிறது. அதன் ஒளிவரைவு, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று காட்டும் கோடு, அகச்சிவப்பை நோக்கிச் சீராகச் சரிய வேண்டும். சரிந்துகொண்டே வந்த கோடு 3 மைக்ரோமீட்டர் அருகே திமில்போல எழுந்தால், அங்கே 1,000 கெல்வின் அளவில் தூசு இருக்கிறது. விண்மீனின் ஒளியை விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாக உமிழ்கிறது அது. இவ்வளவு கொதிக்கும் விண்மீனின் அருகே தூசு எப்படிப் பிழைக்கிறது? டபிள்யூஆர் 140 என்ற இரட்டை விண்மீன் பதில் சொல்கிறது. அதில் கார்பன் நிறைந்த ஊல்ஃப்-ராயே விண்மீனும் (தன் வாயுவைப் பலத்த காற்றாக வீசும் சூடான பெருவிண்மீன்) இன்னொரு பெருவிண்மீனும் ஏறத்தாழ 8 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்குகின்றன. இரண்டின் காற்றும் மோதி, நெரிபட்டு, குளிர்ந்து, தூசாகிறது. ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஒரு தூசு ஓடு. 2022இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் 17 ஓடுகளை எண்ண முடிந்தது.

ஆனால் மிகை என்றாலே தூசு என்று எழுதுவது பிழை. பிஇ (Be) வகை எனப்படும், வேகமாகச் சுழலும் சூடான விண்மீன்களில், சுற்றியுள்ள வட்டின் அயனியான வாயுவே மிகைக்குக் காரணம். அங்கே திமில் இருப்பதில்லை. கோட்டின் சரிவு மெல்லத் தணிகிறது, அவ்வளவுதான்.