அவர் சொன்னது என்ன என்று முதலில் படியுங்கள்

படப்பிடிப்புத் தளங்களில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும் என்று ஒரு நடிகை பிரஸ் மீட்டில் பேசினார். எங்கள் செய்தி டெஸ்க்குக்கு வந்த செய்தியில் அது கடைசிப் பத்தியில் கிடந்தது. முதல் மூன்று பத்தியும் அவர் போட்டிருந்த உடையைப் பற்றி. 'பெண்ணியம் பேசுபவர் இப்படியா வருவது?' என்று தலைப்பும் தயார். எங்கள் பக்கத்தில் மாற்றினேன். மற்ற இடங்களில் அந்தத் தொனியிலேயே ஓடியது, கமென்டுகளும் உடைக்குத்தான். தலைப்பு போடுவதையே தொழிலாகச் செய்கிறவள் நான். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

இது இன்று வந்த வழக்கமும் அல்ல. 2005-ல் இந்தியா டுடே இதழில் குஷ்பு சொன்னது இதுதான்: படித்த ஆண் எவரும் மணப்பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு தமிழ் நாளிதழ், 'திருமணத்துக்கு முன் உறவு கொள்ளாத ஆண்களும் பெண்களும் எத்தனை பேர்?' என்று அவர் கேட்டதாக எழுதியது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். யார் காதில் விழுந்தது? துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார்கள். அவர் மீது 23 வழக்குகள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. கருத்து பிடிக்காவிட்டால் ஊடகத்திலோ பொது மேடையிலோ எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்றும் சொன்னது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, 'பெண்ணியம் பேசுகிறவள் முதலில் தான் ஒழுங்காக இருக்கட்டும்' என்ற பேச்சு. கவர்ச்சிப் பாட்டுக்கு ஆடியவர் கேட்டால் சம ஊதியம் நியாயமில்லாமல் போய்விடுமா? விவாகரத்தானவர் சொன்னால் பாலியல் புகார்க் குழு தேவையில்லை என்றாகிவிடுமா? ஐ.நா. பெண்கள் அமைப்பின் நல்லெண்ணத் தூதராக இருந்த 'ஹாரி பாட்டர்' நடிகை எம்மா வாட்சனையும் 2017-ல் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு கவர்ச்சிப் புகைப்படத்துக்காக இப்படித்தான் கேட்டார்கள். விமர்சிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சமத்துவம் பேசிவிட்டுச் சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் நடித்தால் தாராளமாகக் கேளுங்கள்; அந்த விளம்பரம் பெண்களைக் கூச வைத்துத்தான் பொருளை விற்கிறது. உடையும் கல்யாணமும் அந்தக் கணக்கில் வராது.

மலையாள நடிகை பார்வதி திருவோத்து 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் ஒரு படத்தின் பெண் வெறுப்பைக் கண்டித்தார். அதே படத்துக்காகக் கேரள மகளிர் ஆணையம் 2016-லேயே நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஆனாலும் பெரிய நடிகரின் படத்தை இவள் எப்படிக் குறை சொல்லலாம் என்றுதான் பாய்ந்தார்கள். மிரட்டல்கள் வந்தன; மிரட்டியவரைப் போலீஸ் கைது செய்யும் வரை போனது.

சக பத்திரிகையாளர்களே, யாரும் சண்டையே போடாதபோது தலைப்பில் 'சர்ச்சை' என்று போடாதீர்கள். அந்தச் சொல்தான் சண்டையைக் கூட்டி வருகிறது. நடிகையிடம் 'நீங்கள் ஆண்களை வெறுக்கிறீர்களா?' என்று மைக்கை நீட்டுகிறவர்கள், பக்கத்திலிருக்கும் ஹீரோவிடம் சம்பள வித்தியாசத்தைப் பற்றியும் கேளுங்கள்.

வாசகர்களுக்கு: ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பகிராதீர்கள். வீடியோ இருந்தால், வெட்டிய துண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் பாருங்கள். தலைப்பும் உள்ளே இருப்பதும் வேறாக இருந்தால், தயவுசெய்து ஆசிரியருக்கு எழுதுங்கள். கமென்டில் திட்டினால் அந்தச் செய்தி இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரும். எந்த வரி தவறு என்று குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் வந்தால், டெஸ்க்கில் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்த்தாக வேண்டும்.